போலியோவுக்கு சொட்டு மருந்து போட்டாச்சே... ஊசி எதுக்கு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், 6 வாரக் குழந்தைக்கு போலியோவைத் தடுக்க வாயில் சொட்டு மருந்தும் விடுவார்கள், கையில் ஊசியும் போடுவார்கள். ‘ஒரே நோய்க்கு எதுக்கு ரெண்டு?’ என்று அம்மாக்கள் கேட்பது நியாயம்தான்.

போலியோ வைரஸ் வாய் வழியாக நுழைந்து குடலில் பெருகும். குடலின் உட்புறச் சவ்வில் ‘ஐஜிஏ’ என்ற எதிர்ப்புப் புரதம் காவல் இருக்கிறது. அங்கே குடியிருக்கும் நல்ல கிருமிகளோடு அது ஒத்துப்போகும். நோய்க்கிருமி வந்தாலோ, சவ்வில் ஒட்டவிடாமல் மடக்கிவிடும்.

இந்தக் குடல் காவலைத் தட்டியெழுப்புவது சொட்டு மருந்து. ஊசி, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கி நரம்புகளைக் காக்கும். ஊசி மட்டும் போட்ட குழந்தைக்கு வாதம் வராது. ஆனால், குடலில் வைரஸ் பெருகி, மலம் வழியே மற்றவர்களுக்குப் பரவலாம்.

சரி, சொட்டு மருந்து மட்டும் போதாதா? ஏற்கெனவே சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளை வேலூரில் ஆராய்ந்தார்கள். ஓர் ஊசி கூடுதலாகப் போட்டதும், மலத்தில் வைரஸ் வெளியேறுவது குறைந்தது. 2014-ல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. சொட்டு மருந்து பழக்கிய காவலை ஊசி பலப்படுத்துகிறது!

அதனால், 14-வது வாரத்திலும் 9-வது மாதத்திலும் வரும் ஊசிகளைத் தவறவிடாதீர்கள்.