டாக்டர் ஃபேகர் (1964–1976)

ஒரே ஆண்டில் நான்கு பட்டங்கள்

அமெரிக்காவின் புளோரிடாவில் பிறந்த பந்தயக் குதிரை. தன் உயிரைக் காத்த மூளை அறுவை மருத்துவர் சார்லஸ் ஃபேகரின் பெயரையே பயிற்சியாளர் ஜான் நெருட் இதற்குச் சூட்டினார்.

ஓடியது 22 பந்தயங்கள், வென்றது 18. திறமை மிகுந்த குதிரைக்குச் சுமையைக் கூட்டுவது ஹேண்டிகேப் முறை. 1968 ஆகஸ்டில், ஆர்லிங்டன் பார்க்கில் 134 பவுண்டு சுமந்து ஒரு மைலை 1 நிமிடம் 32.2 விநாடியில் கடந்து உலக சாதனை படைத்தது. அடுத்த மாதம், அட்லாண்டிக் சிட்டியில் முதன்முறையாகப் புல் தடத்தில் இறங்கி, அங்கும் வென்றது. கடைசிப் பந்தயத்தில் சுமை 139 பவுண்டு. ஏழு ஃபர்லாங்கில் புதிய தடச் சாதனை.

அவ்வாண்டின் பட்டங்கள்: சிறந்த குதிரை, ஹேண்டிகேப் சாம்பியன், குறுந்தூரச் சாம்பியன், புல் தட இணைச் சாம்பியன். அமெரிக்காவில் இந்த நான்கையும் ஒரே ஆண்டில் பெற்ற குதிரை வேறில்லை.