வாலையும் தீநீரும்: வீட்டில் நறுமண எண்ணெய் வடித்தற்குரிய கருவிகள்

ரிங்லெட் ஊரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் எப்பக்கம் திரும்பினும் தேயிலையே கண்ணிற்படும். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும் இவ்வூரை அடுத்தே உள்ளது. இத்தகைய ஊரில் வளரும் மாணவர் ஒருவர், 'தேயிலை மர எண்ணெய்' என்று எழுதிய குப்பியைக் கடையிற் கண்டால், தம் வீட்டுக்கு எதிரிலுள்ள செடியிலிருந்தே அவ்வெண்ணெய் எடுக்கப்பட்டதென்று எண்ணுவது இயல்பே. உண்மை வேறு. அக்குப்பியிலுள்ளது ஆசுதிரேலியாவில் வளரும் 'மெலலூக்கா' என்னும் மரத்தின் இலைநெய். அங்குச் சென்ற மாலுமிகள் அம்மரத்தின் இலையைத் தேநீர்போலக் கொதிக்கவைத்துப் பருகியமையால் அப்பெயர் வந்தது என்பர். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் தமிழில் இக்குழப்பம் நேர்ந்தது. அம்மரத்தின் நெருங்கிய உறவினம் நம் நாட்டுச் சதுப்பு நிலங்களில் வளரும் கெலாம் மரம். சிங்கப்பூரின் கம்போங் கிளாம் அதன் பெயரைத் தாங்கியதே. அதன் இலையிலிருந்து வடிப்பதுதான் நம் வீடுகளில் வயிற்று வலிக்குத் தடவும் 'மிஞ்ஞாக் காயு பூத்தே'.

எண்ணெய் என்னும் ஒரே சொல்லால் நாம் இருவேறு பொருள்களைக் குறிக்கிறோம். தேங்காயிலும் எள்ளிலும் இருப்பது நிலைத்த எண்ணெய்; தாளில் ஒரு துளி விட்டால் கறை நீங்காது. செராய், தைலமரம், துளசி ஆகியவற்றின் மணத்துக்குக் காரணமானது ஆவியாகும் எண்ணெய். அதன் துளி தாளிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடும். முன்னதை ஆட்டி எடுக்கலாம். பின்னதை ஆவியோடு சேர்த்தே எடுத்தல் வேண்டும்.

இவ்விரண்டையும் நம் சித்த மருத்துவ நூலார் நன்கு அறிந்திருந்தனர். செய்ம்முறை நோக்கி நெய்களைப் பன்னிரண்டாக வகுத்து, கொதிநெய், சூரியபுடநெய், சுடர்நெய், தீநீர்நெய் என்றெல்லாம் பெயரிட்டனர். மூலிகைச் சாற்றை எண்ணெயிலிட்டு நீர் வற்றும்வரை காய்ச்சுவது கொதிநெய். இதற்கு வேண்டியவை அடிகனத்த பாத்திரம், நீண்ட கரண்டி, வடிதுணி, உலர்ந்த குப்பி, இவ்வளவே. அடியில் தங்கும் கற்கத்தை விரலால் உருட்டி மெழுகுபதமா, மணற்பதமா என்று பார்க்கும் பயிற்சியே இதில் முதன்மையானது. ஈரம் எஞ்சினால் எண்ணெய் கெட்டுவிடும்.

ஆவியாக்கிக் குளிர்வித்து வடிக்கும் கருவிக்கு 'வாலை' என்பது பெயர். அதில் இறங்கும் நீர் 'தீநீர்'. ஓமத் தீநீர் இன்றும் நாட்டு மருந்துக் கடைகளிற் கிடைக்கிறது. ஆயினும் வாலை என்னும் சொல்லை நம் மாணவர் பலர் கேட்டதேயில்லை. தோட்டப்புறங்களில் இத்தகைய கருவியைக் கண்ட முதியோர்க்கோ, திருட்டுத்தனமாகச் சம்சு காய்ச்சியதுதான் நினைவுக்கு வரும். ஒரு நற்கலையின் கருவி, குடும்பங்களைக் கெடுத்த குடியின் கருவியாகவே நினைவில் நிற்பது வருந்தத்தக்கது.

வாலைக்கு நான்கு உறுப்புகள் உண்டு. முதலாவது கொதிகலம். மூடியுள்ள துருப்பிடிக்கா எஃகுப் பாத்திரம் போதும். இரும்பு துருவேறி எண்ணெயின் நிறத்தைக் கெடுக்கும். அடியில் நீர் விட்டு, அதற்குமேல் துளையிட்ட தட்டை நிறுத்தி, அதன்மேல் இலையைப் பரப்புதல் வேண்டும். இட்டலித் தட்டின் அமைப்பே இது. இலை நீரில் மூழ்கிக் கிடந்தால் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வரும். மூடியின் விளிம்பைக் கோதுமை மாவுப் பசையால் அடைக்கலாம். பழைய முறையில் துணியையும் மண்ணையும் குழைத்துப் பூசினர். அதற்குச் 'சீலைமண் செய்தல்' என்று பெயர்.

இரண்டாவது ஆவிக்குழாய். செம்பு அல்லது எஃகாலானது நன்று. ஈயப் பற்றுவைத்த குழாய் கூடாது. நெகிழியும் இரப்பரும் நறுமண எண்ணெய் பட்டால் இளகித் தம் வாடையை அதில் ஏற்றும். குழாய் முழுதும் கீழ்நோக்கிச் சரிந்திருத்தல் வேண்டும். மூன்றாவது குளிர்கலம். குழாயைச் சுருளாக வளைத்து ஒரு வாளி நீரில் இறக்கினால் அதுவே குளிர்கலம். தண்ணீரைக் கீழ்ப்புறம் செலுத்தி மேற்புறம் வெளியேற்றுக. சூடேறிய நீர் மேலேதான் நிற்கும். இவ்வகையில் கேமரன் மலையார் கொடுத்துவைத்தவர்கள். குழாய்நீரே குளிர்ந்து வருவதால் பனிக்கட்டி தேட வேண்டியதில்லை. நான்காவது, குறுகிய கழுத்துள்ள கண்ணாடிக் குடுவை. செராய் எண்ணெய் நீரின்மேல் மிதக்கும். கிராம்பு எண்ணெய் அடியில் தங்கும். துளிக்குழாயால் பிரித்தெடுத்து, பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, ஒளி படாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

இங்கு ஒரு வினா எழும். வாசனைச் செராயின் மணப்பொருளாகிய சிட்ரொனெல்லால் 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலேதான் கொதிப்பது. அது நீராவியோடு எவ்வாறு வருகிறது? ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களைச் சேர்த்துச் சூடேற்றினால், அவற்றின் ஆவியழுத்தங்களின் கூட்டுத்தொகை காற்றழுத்தத்துக்கு இணையானவுடனே கலவை கொதிக்கும். ஆகவே 100 பாகையை எட்டுமுன்பே எண்ணெயும் உடன்வருகிறது. ரிங்லெட் 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளமையால் இங்கு நீர் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதிக்கும். வகுப்பில் வெப்பமானியைக் கொண்டு மாணவர் இதைத் தாமே அளந்தறியலாம்.

விளைச்சலைக் கணக்கிட்டுப் பார்ப்பதும் நன்று. பச்சை வாசனைச் செராயில் எண்ணெய் நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்குவரை இருக்கும். இரண்டு கிலோ புல்லை நறுக்கி ஒருநாள் வாடவிட்டு ஒன்றரை மணி நேரம் வடித்தால், 10 முதல் 20 கிராம் கிடைக்கும். அதாவது ஒரு சிறு குப்பி. இக்கணக்கு தெரிந்தவர், மிக மலிவாக விற்கும் பெரிய குப்பியைத் 'தூய செராய் எண்ணெய்' என்று எளிதில் நம்பமாட்டார்.

நீலகிரியில் இத்தொழில் சிற்றூர்க் கொட்டகைகளில் வளர்ந்தது. 1843ஆம் ஆண்டளவில் அங்குக் கொணரப்பட்ட தைலமரத்தின் உதிர்ந்த இலைகளைத் திரட்டி, ஓடையோரத்தில் செப்புக் கலங்களிலிட்டு, ஓடைநீராலேயே குழாயைக் குளிர்வித்து நீலகிரித் தைலம் வடித்தனர். இலங்கையின் தெற்கே மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளிலும் செராய் வடிப்பு நெடுங்காலத் தொழில். இவற்றுக்கும் நம் அடுப்படி வாலைக்கும் அளவில்தான் வேறுபாடு.

தீமைகளையும் மறையாது கூறுதல் வேண்டும். ஆவிக்குழாயில் இலைத்துணுக்கு அடைத்துக்கொண்டால் கலம் வெடிக்கும். எனவே இலையை அழுத்தி நிரப்பாமல் கலத்தின் மேற்பகுதியில் இடம் விடுக. மாவுப்பசை அடைப்பின் நன்மையும் இதுவே. அழுத்தம் மிகுந்தால் முதலில் அதுதான் விட்டுக்கொடுக்கும். மூடியைத் திருகாணியால் இறுக்குவோர் அக்காப்பை இழக்கின்றனர். நீர் வற்றாமலும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். சாராவியாலோ பெட்ரோலியக் கரைப்பானாலோ சாறு இறக்கும் முறையை வீட்டில் ஒருபோதும் செய்யலாகாது. அதன் ஆவி அடுப்புத் தீயைப் பற்றிக்கொள்ளும்.

வடித்த எண்ணெய் மருந்தென்பதால் தீங்கற்றது என்று கொள்ளற்க. தைலமர எண்ணெயை ஒரு தேக்கரண்டி அளவு விழுங்கினாலே சிறு குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் கைவைத்தியம் பாராது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். சளிக்கென்று பச்சிளங்குழந்தையின் மூக்கருகே தைலம் தடவும் நம் வீட்டு வழக்கத்தையும் நாம் கைவிடுதல் நன்று. பெரியோரும் தேங்காயெண்ணெயில் சில துளி கலந்தே தோலில் தடவுதல் தகும்.

பள்ளியில் வடித்ததை விற்பனைக் கண்காட்சியில் வைக்க விரும்பும் ஆசிரியர்கள் ஒன்றைக் கருதுக. 1984ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, நோய் தீர்க்கும் என்று கூறி விற்கும் பொருளை முதலில் பதிவு செய்தாக வேண்டும். குப்பியின்மேல் செடியின் பெயர், வடித்த நாள், 'உட்கொள்ளற்க' என்னும் எச்சரிக்கை ஆகியவற்றை எழுதிக் காட்சிக்கு மட்டும் வைக்கலாம். எண்ணெயைப் பிரித்தபின் எஞ்சும் தீநீரைக் கொட்டிவிடாமல் தரை துடைக்கும் நீரில் கலந்தால் வகுப்பறை ஒருநாள் முழுதும் மணக்கும்.