நாயின் பக்கம் நின்ற நூல்

மதுரை மாட்டுத்தாவணி நிலையத்தில் மேலூர் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் ஒத்தக்கடை. ஊரை ஒட்டி யானை படுத்ததுபோல் ஒரே கல்லாகக் கிடக்கிறது யானைமலை. மதுரையைச் சுற்றிய சமணரின் எண்பெருங்குன்றங்களில் ஒன்று. மேலே குகைத்தளத்தில் கற்படுக்கைகளும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும் இருக்கின்றன. மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாலடியார் நினைவுக்கு வரும்.

பஞ்சம் பிழைக்கப் பாண்டிய நாட்டுக்கு வந்த எண்ணாயிரம் சமண முனிவர்கள், பஞ்சம் தீர்ந்து ஊர் திரும்ப நினைத்தபோது மன்னன் விடவில்லை. ஆளுக்கொரு வெண்பாவை ஏட்டில் எழுதி இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு இரவோடு இரவாகப் போய்விட்டார்கள். சினந்த மன்னன் அத்தனையையும் வைகையில் வீசச் சொன்னான். ஓட்டத்தை எதிர்த்து வந்தவை 400 ஏடுகள்; அவையே நாலடியார். இது செவிவழிக் கதை, நம்பலாம், விடலாம். ஆனால் அந்த 400 பாட்டில் ஒன்றிலும் பாடியவர் பெயர் இல்லை. 40 அதிகாரங்களாக வகுத்தவர் என்று பதுமனாரைச் சொல்கிறார்கள். பெருமுத்தரையரைக் குறிப்பிடும் இரண்டு பாட்டுகள் நூலின் காலத்தைக் கணிக்க உதவுகின்றன. 1893-இல் ஜி.யு. போப் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

துறவிகளின் நூல் என்பதால் நிலையாமைதான் முதலில் வருகிறது. செல்வம் வண்டிச் சக்கரமாய் உருண்டுவிடும், ஆகவே உழுது விளைவித்த சோற்றைப் பலரோடு சேர்ந்து உண் என்கிறது. என்னைப் பிடித்து நிறுத்துபவை நட்பைப் பற்றிய அதிகாரங்கள். யானை எத்தனை நாள் பழகினாலும் பாகனையே கொல்லும். நாயோ எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து வாலாட்டும். ஆகவே யானை போன்ற பெரியவர்களின் உறவை விட்டு, நாய் போன்றவர்களைத் தேடிப் பிடி என்கிறது நட்பாராய்தல். நாயை வசைச்சொல்லாக வைத்திருக்கும் ஊரில், அரசனிடம் சோறு உண்ட துறவிகள் பெயரால் வழங்கும் நூல் இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். பெரிய இடத்துப் பழக்கத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கு இது சுடத்தான் செய்யும்.

அடுத்த அதிகாரம் இன்னும் இதமானது. நெல்லுக்கு உமி உண்டு, நீருக்கு நுரை உண்டு, பூவுக்கும் புறவிதழ் உண்டு. வேண்டியவர்கள் குறையைப் பொறுத்துக்கொள் என்கிறது.

அரசுப் பேருந்துகளில் திருக்குறளைப் படித்தே வளர்ந்தவர்கள் நாம். மதுரையில் பிறந்ததாகக் கதை சொல்லும் இந்த நூலுக்கு மாட்டுத்தாவணி நிலையத்தில் ஒரு சுவராவது ஒதுக்க வேண்டும். முதலில் எழுத வேண்டியது உமியும் நுரையும் வரும் அந்தப் பாட்டு.