‘கமிட்’ அடிக்கும் முன் கூடையைப் பாருங்க!

கொட்டிவாக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனத்துக்குப் போய்வரும் புதியவருக்குச் சீக்கிரமே பழகிவிடும் கட்டளை ‘கிட் ஆட் டாட்’. ஃபோல்டரில் மாற்றிய எல்லாவற்றையும் அது அள்ளிப்போடும். சிக்கலும் அங்கேதான்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய மென்பொருள் ‘கிட்’. இதில் கோப்பில் செய்த மாற்றம் நேராகப் பதிவாகாது. முதலில் ‘ஸ்டேஜிங்’ பகுதிக்கு வரும். கடையில் கூடையில் எடுத்து வைப்பது ஸ்டேஜிங் என்றால், பில் போடுவது ‘கமிட்’. அதுவரை வேண்டாததைத் திருப்பி வைத்துவிடலாம்.

பார்க்காமல் அள்ளினால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள கோப்பும் சேர்ந்து போய்விடலாம். அடுத்த கமிட்டில் அதை அழித்தாலும் பழைய பதிவில் அப்படியே இருக்கும். சர்வருக்கு ‘புஷ்’ செய்துவிட்டால் முதல் வேலை, அந்த பாஸ்வேர்டையே மாற்றுவதுதான்.

என்ன செய்யலாம்?

* கூடையில் எந்தக் கோப்பு இருக்கிறது எனப் பார்க்க, ‘கிட் ஸ்டேட்டஸ்’.
* ஒரே கோப்பில் வேண்டிய மாற்றத்தை மட்டும் எடுக்க, ‘கிட் ஆட்’ உடன் ‘மைனஸ் பி’.
* தவறாகச் சேர்த்ததை வெளியே எடுக்க, ‘கிட் ரீஸ்டோர்’ உடன் ‘ஸ்டேஜ்டு’. எழுதிய கோடு அழியாது, பயம் வேண்டாம்.
* ‘ஆட்’ செய்தபின் திருத்தினீங்களா? மறுபடி ‘ஆட்’ செய்யணும். இல்லையென்றால் பழைய வடிவம்தான் பதிவாகும்.