உல்லாசக் கப்பலில் கோதுமை இல்லாத சாப்பாடு
பெயர் பதிவு செய்யும் நாளிலேயே பேசிவிட வேண்டும்!

உல்லாசக் கப்பல் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கடலன்று, சாப்பாடுதான். பொழுது விடிந்ததும் தொடங்கும் பந்தி நள்ளிரவு வரை ஓயாது. ஒரு காலத்தில் இது பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்தது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் மும்பையிலிருந்து 'கார்டீலியா' கப்பல் கோவா, லட்சத்தீவுப் பக்கம் ஓடத் தொடங்கிய பிறகு, போனஸ் பணத்தைச் சேர்த்து வைத்து மூன்று நாள் கடலில் போய்வரும் ஆசை நடுத்தரக் குடும்பங்களுக்கும் வந்திருக்கிறது. எல்.டி.சி. சலுகையில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறும் அரசாங்க ஊழியர்கள் அதற்கு முன்பிருந்தே உண்டு.

ஆனால் நூறு பண்டங்கள் பரப்பி வைத்த மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, எதைத் தொடுவது, எதை விடுவது என்று தெரியாமல் விழிக்கும் சிலரும் அந்தக் கப்பலில் இருப்பார்கள். அவர்கள் கோதுமை ஆகாதவர்கள். ரொட்டி, கேக், சமோசா மட்டும் அல்ல. சூப்பும் சாம்பாரும்கூட அவர்களுக்கு விஷமாகலாம். நடுக்கடலில் வேறு ஓட்டலைத் தேடிப் போகவும் முடியாது.

கோதுமை எப்படிப் பகையாகிறது?

கோதுமை மாவைப் பிசைந்து, அந்த உருண்டையைத் தண்ணீரில் கசக்கிக் கழுவினால் வெள்ளை மாவெல்லாம் கரைந்து போகும். கையில் ரப்பர் போல இழுபடும் ஒரு பசை மிஞ்சும். அதுதான் குளூட்டன். சப்பாத்தி கிழியாமல் வட்டமாக விரிவதும், பாவ் ரொட்டி புசுபுசுவென்று உப்புவதும் இதனால்தான். பார்லியிலும் ரை தானியத்திலும் இதே வகைப் புரதம் உண்டு. அரிசியில் இந்தச் சங்கடம் இல்லை.

சிலருடைய உடம்பு இந்தக் குளூட்டனைப் பகைவனாகக் கருதிவிடுகிறது. அதை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் காவல் படை தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடைக் குறைவு, இரும்புச் சத்து மாத்திரைக்கும் அசையாத ரத்தசோகை, குழந்தைகளானால் வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதன் அடையாளங்கள். டாக்டர்கள் இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர் சொல்கிறார்கள். இதைத் தீர்க்க மருந்து கிடையாது. குளூட்டன் கலந்த எதையும் ஆயுள் முழுவதும் தொடாமலிருப்பது ஒன்றே சிகிச்சை.

பஞ்சம் காட்டிய உண்மை

இந்த நோயைப் பற்றி லண்டன் டாக்டர் சாமுவேல் கீ 1888-ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினார். உணவில்தான் பரிகாரம் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். ஆனால் எந்த உணவு குற்றவாளி என்பது அவருக்குப் புலப்படவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. கோதுமையின் மீது அவருக்கு 1930-களிலேயே சந்தேகம் விழுந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45-இல் ஹாலந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் மக்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்றார்கள். ஊரே பசியால் வாடிய அந்த நாட்களில், இந்த நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறி வந்தார்கள்! ரொட்டி மீண்டும் வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பியது. டிக்கெ 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக் கழகத்துக்கு அளித்த ஆராய்ச்சி நூலில் கோதுமையின் குற்றத்தை நிலைநாட்டினார்.

நமக்கும் இதில் பங்கு உண்டா?

"இது சப்பாத்தி தின்பவர்களின் வியாதி, அரிசிச் சோறு உண்பவர்களுக்கு ஏது?" என்று கேட்கத் தோன்றலாம். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் பெரியவர்களிடையே நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, வடக்கே 100 பேரில் 1.23 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. தெற்கே அது 0.10 தான், அதாவது ஆயிரத்தில் ஒருவர். வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. இந்நோய் வருவதற்கு இடம் தரும் பரம்பரைக் கூறு வடக்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தெற்கத்தியர்களிடமும் இருக்கிறது. அந்தக் கூறு உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. மிகச் சிலருக்கே வருகிறது. ஆயினும் பிழைப்புக்காக டில்லிக்கும் மும்பைக்கும் வந்து, காலையில் பிரெட், மத்தியானம் டப்பாவில் சப்பாத்தி, மாலையில் வடா பாவ் என்று பழகிவிட்ட குடும்பங்கள், இது நம்முடைய வியாதி அல்ல என்று கண்ணை மூடிக்கொள்வதற்கில்லை.

பையன் இளைத்துக்கொண்டே போனால் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். பூச்சி மருந்து கொடுக்கிறோம். அப்படியே வருஷங்கள் கழிகின்றன. டி.டி.ஜி. எனப்படும் ஒரு ரத்தப் பரிசோதனையே நல்ல தடயம் தரும். தேவைப்பட்டால் குடலிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். முக்கியமான ஒன்று: பரிசோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தாலும் இல்லாதது போல முடிவு காட்டும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் யாவரும் பார்த்துக்கொள்வது நல்லது.

"கொஞ்சம்தானே!"

உறவினர் வீட்டில் நடக்கும் உபசாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "ஒரு வாய் கேசரிதானே, ஒன்றும் செய்யாது, சாப்பிடுங்கள் மாமா!" என்பார்கள். செய்யும். இத்தாலியில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் பழுதாவது தெரிய வந்தது. ஒரு துண்டு பிரெட்டில் இதைப் போல நாற்பது மடங்குக்குக் குறையாமல் இருக்கும். 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கும் பண்டத்தில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக அளவிலும் நம் நாட்டிலும் உள்ள விதி.

ஆகவே கப்பலைப் பற்றி யோசிக்குமுன் வீட்டு அலமாரியைப் பார்த்துவிட வேண்டும். மைதா, ரவை, சேமியா ஆகியவை கோதுமையின் பிள்ளைகள் என்பது தெரிந்ததே. தெரியாத எதிரி பெருங்காயம்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மாவும் பிசினும்தான். பல தயாரிப்புகளில் அந்த மாவு கோதுமை மாவு. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் அது நுழைந்துவிடுகிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். மால்ட் சேர்ந்த பானப் பொடிகளில் பார்லி உண்டு. சத்யநாராயண பூஜையின் ஷீரா ரவையில் ஆனது. மராட்டியர்களின் ஜோவார் பாக்ரி நல்ல உணவுதான். ஆனால் கோதுமை அரைத்த சக்கியிலேயே அந்தச் சோளத்தையும் அரைத்தால் பயனில்லை.

கப்பலேறுமுன்

பெரிய உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை குளூட்டன் இல்லாத உணவு தருவதாக ஒப்புக்கொள்கின்றன. ஆனால் முன்கூட்டியே சொன்னவர்களுக்குத்தான் அது சரிவரக் கிடைக்கும். கப்பலுக்கு வேண்டிய மளிகை புறப்படும் துறைமுகத்திலேயே ஏற்றப்பட்டுவிடுகிறது. நடுவில் கடைக்கு ஆளனுப்ப முடியாது. எனவே டிக்கெட் பதிவு செய்யும் நாளிலேயே ஏஜெண்டிடம் எழுத்து மூலம் தெரிவித்து, பதிலையும் எழுத்து மூலம் பெற்றுக்கொள்ள வேண்டும். டாக்டரின் சிறு கடிதமும் கையில் இருக்கட்டும்.

"வெஜிடேரியன் பந்தி தனி, ஜைன சாப்பாடு தனி" என்று ஏஜெண்ட் சொன்னால் அதில் மயங்கிவிடக் கூடாது. ஜைன சாப்பாட்டில் வெங்காயம் இராது. கோதுமை தாராளமாக இருக்கும். "அலர்ஜி" என்று பொதுவாகச் சொல்லாமல் பொருளின் பெயரைச் சொல்வதே மேல். வடக்கத்திச் சமையற்காரரிடம் கேஹூம், மைதா, சூஜி, தலியா, ஜௌ என்று ஐந்து பெயரைச் சொன்னால் அவருக்கு உடனே விளங்கும்.

அறையில் சமைத்துக்கொள்ளலாம் என்று ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்க வேண்டாம். தீ விபத்துக்கு அஞ்சி அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்த உணவையும் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. கடையில் சீல் வைத்த அவல், பொரி, கடலை மிட்டாய், வேர்க்கடலை போன்றவற்றுக்குப் பொதுவாகத் தடை இராது. அதையும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

பந்தியில் எப்படி?

முதல் நாளே தலைமைப் பரிசாரகரைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். பல கப்பல்களில் மறுநாள் சமையல் பட்டியலை முந்தின இரவே காட்டி, எது ஆகும் என்று குறித்துக்கொண்டு தனியாகச் செய்து தருகிறார்கள். மேஜையில் உட்கார்ந்து பரிமாறும் கூடமே பத்திரமானது. தானே எடுத்துச் சாப்பிடும் பஃபேயில் ஆபத்து அதிகம். பூரியை எடுத்த இடுக்கியை அடுத்தவர் சாதத்தில் போடுவார். கேக் தூள் பழத்தட்டில் சிந்தும். அங்கேதான் சாப்பிட வேண்டும் என்றால், திறந்தவுடன் முதல் ஆளாகப் போவது நல்லது.

எண்ணெய்ச் சட்டியையும் கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலில் கோதுமை இல்லை; ஆனால் சமோசா பொரித்த எண்ணெயில் அதையும் பொரித்திருந்தால் ஆகாது. தோசைக்கும் அதே நியாயம். பரோட்டா போட்ட கல்லில் வார்க்கக் கூடாது. சூப், குழம்பு கெட்டியாக மைதா கரைத்து ஊற்றுவது மேல்நாட்டுச் சமையலில் சாதாரணம். சீனச் சமையலின் சோயா சாஸிலும் கோதுமை உண்டு. வெள்ளைச் சாதம், தயிர், அவித்த முட்டை, மசாலாத் தூள் படாத மீன், தோலுடன் உள்ள பழம் இவற்றை நம்பலாம்.

இடையில் துறைமுகத்தில் இறங்கும்போது பசிக்கு ஏதாவது பையில் வேண்டும். ஆனால் வெளிநாட்டுத் துறைமுகமானால் எச்சரிக்கை தேவை. பழம், சமைத்த உணவு ஆகியவற்றைக் கரைக்குக் கொண்டுபோக ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு உண்டு, அபராதமும் விதிப்பார்கள். கொச்சி, லட்சத்தீவு என்றால் அந்தக் கவலை குறைவு. சோறும் தேங்காயும் மீனும் அங்கே அன்றாட உணவு.

அந்தமான் கப்பலிலும் ரயிலிலும்

அந்தமான் போகும் பயணிக் கப்பலில் உல்லாசக் கப்பலின் உபசாரத்தை எதிர்பார்க்க இயலாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய ஊர்) ஏறக்குறைய மூன்று நாள் பயணம். ஏறும்போதே அவல், பொரி, வாழைப்பழம், சத்துமாவு என்று கையிருப்பு வேண்டும். சத்துமாவில் கோதுமை சேர்க்காமல் வீட்டிலேயே வறுத்து அரைத்துக்கொள்வது உத்தமம். டில்லியிலிருந்து ஊருக்கு ரயிலில் இரண்டு இரவு கழிப்பவர்களுக்கும் இதே யோசனைதான். புளியோதரைக்கும் மிளகாய்ப் பொடிக்கும் அரிசி மாவுப் பெருங்காயம் போட்டால் இட்லிப் பொட்டலமே போதுமானது.

இந்நோய் கண்ட பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கும் போக வேண்டாம் என்று வீட்டோடு முடங்கிவிடும் பெற்றோர் பலர். அதற்கு அவசியம் இல்லை. கோதுமைக்குப் பதில் விற்கும் விசேஷ மாவு பல மடங்கு விலை என்று கலங்கவும் வேண்டியதில்லை. இட்லி, இடியாப்பம், புட்டு, கேழ்வரகு அடை, கம்பங்கூழ், தினைப் பொங்கல் எல்லாம் குளூட்டன் இல்லாதவை. பாட்டி காலத்திலிருந்து நம் அடுப்பில் இருப்பவை. வேண்டியது கூச்சப்படாமல் கேட்கும் பழக்கம். "இதில் என்ன மாவு போட்டிருக்கிறீர்கள்?" என்று பரிசாரகரிடமும் அத்தையிடமும் ஒரே மாதிரி கேட்கப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை எந்தக் கப்பலிலும் ஏறலாம்.