காப்பியும் உடலுழைப்பும்

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ரப்பர் முதன்மைப் பயிராக இருந்த காலத்தில், ஒரு நாள் வேலை இருள் பிரியும் முன்பே தொடங்கிவிடும். கோல சிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் லயங்களில் விடியுமுன்னே அடுப்பு எரியும். பெரட்டுக்குப் போகுமுன் பலரும் குடித்தது பால் சேர்க்காத கோப்பி. அதைக் குடித்த கையோடு வெட்டுக்காட்டை நோக்கி நடப்பார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே, காலைக் குளிர்ச்சி மறையுமுன் ஒருவர் 400, 500 மரங்களை வெட்டி முடிக்க வேண்டியிருந்தது.

அத்தோட்டங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவர்களுள் சிலர் இரவு பத்து மணிக்குக் காப்பியோ, 'எனர்ஜி டிரிங்க்' எனப்படும் ஊக்கபானமோ அருந்திவிட்டுப் புத்தகத்தின் முன் அமர்கிறார்கள். இரண்டு தலைமுறையினரும் உட்கொண்டது காஃபின் என்னும் ஒரே பொருளைத்தான். ஆனால், அது தரும் பலன் இருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. காப்பி குடித்த பின் உடல் என்ன செய்கிறது, எந்த நேரத்தில் குடிக்கப்படுகிறது, அதன்பின் எவ்வளவு உறக்கம் கிடைக்கிறது ஆகிய மூன்றும் அப்பலனைத் தீர்மானிக்கின்றன.

காப்பி சிலாங்கூருக்குப் புதியதன்று. ரப்பர் பரவுவதற்கு முன், 1890களில் இம்மாநிலத்தில் காப்பித் தோட்டங்கள் பெருகியிருந்தன. தாழ்நிலத்திலும் செழித்து வளரும் லைபீரிகா வகை இங்குப் பயிரிடப்பட்டது. பிரேசில் நாட்டின் மிகை உற்பத்தியால் காப்பியின் விலை சரிந்தபோது, தோட்ட முதலாளிகள் ரப்பருக்கு மாறினார்கள். பின்னர், 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். பயிர்கள் மாறினாலும் காலையில் காப்பி குடிக்கும் பழக்கம் மாறவில்லை.

காப்பிக்கொட்டையிலிருந்து காஃபினை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்லீப் ரூங்கே. ஆண்டு 1819. அது மூளையில் எவ்வாறு வேலை செய்கிறது என்பது இன்று தெளிவாகியுள்ளது. மனிதர் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது நரம்பணுக்களில் உள்ள ஏற்பிகளில் சென்று அமரும்போது சோர்வும் தூக்கமும் தோன்றுகின்றன. காஃபினின் வடிவம் அடினோசினை ஒத்திருப்பதால், அது அந்த ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. பள்ளிப் பேருந்தின் இருக்கைகளில் பைகளை வைத்து இடம் பிடிப்பதைப் போன்றது இது. ஏறியவர்கள் இறங்கிவிடுவதில்லை, நின்றுகொண்டே காத்திருக்கிறார்கள். பைகளை எடுத்தவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் அமர்கிறார்கள். காஃபினின் பிடி தளரும்போது, காத்திருந்த சோர்வு ஒருசேர வந்து அழுத்துவதும் இவ்வாறுதான். எனவே, காஃபின் களைப்பைச் சிறிது நேரம் மறைக்கிறதே தவிர, அதைத் தீர்ப்பதில்லை.

உடற்பயிற்சி இதற்கு வேறு வழியில் விழிப்பைத் தருகிறது. வேகமாக நடக்கும்போதோ ஓடும்போதோ இதயத் துடிப்பு கூடுகிறது, அட்ரினலின் சுரக்கிறது, மூச்சு ஆழமாகிறது. காஃபினும் அட்ரினலின் சுரப்பைத் தூண்டுகிறது. இவ்விரண்டும் சேரும்போது, ஒன்றின் விளைவோடு மற்றொன்றின் விளைவும் கூடுகிறது. அத்துடன், உழைப்பின்போது எழும் களைப்புணர்வைக் காஃபின் மட்டுப்படுத்துவதால், அதே வேலை சற்று எளிதாகத் தோன்றுகிறது. குடித்த காஃபின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் இரத்தத்தில் உச்ச அளவை எட்டும். விடியலில் காப்பி குடித்து நடந்த தொழிலாளிக்கு, அந்த உச்சம் மரம் வெட்டும் நேரத்தோடு பொருந்தியது. ஆயினும், பால் சேர்க்காத காப்பி உணவாகாது. பசியாறும் நேரம் வரும்வரை அது பசியைச் சற்று மறைத்தது, அவ்வளவே.

இந்தக் கூட்டு விளைவை விளையாட்டு அறிவியலாளர்கள் அளந்து பார்த்துள்ளனர். 1978இல் அமெரிக்காவின் டேவிட் காஸ்டிலும் அவருடைய குழுவினரும் மிதிவண்டிப் பந்தய வீரர்கள் ஒன்பது பேரைச் சோதித்தனர். காஃபின் இல்லாத காப்பி குடித்தபோது அவர்கள் சராசரியாக 75 நிமிடங்கள் மிதித்தனர். 330 மில்லிகிராம் காஃபின் கலந்த காப்பி குடித்தபோது 90 நிமிடங்கள் மிதித்தனர். ஒரு காலத்தில் அளவுக்கு மிஞ்சிய காஃபினை ஒலிம்பிக் போட்டிகளில் தடை செய்திருந்தனர். 2004இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அதனைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிக் கண்காணிப்பில் வைத்தது. ஆனால், காஸ்டில் சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற வீரர்கள். அவர்கள் உட்கொண்டது ஏறத்தாழ நான்கு சிறிய ஊக்கபான டின்களில் உள்ள காஃபின். திடலில் பந்து விளையாடப் போகும் மாணவருக்கு அந்த அளவு பொருந்தாது. அளவு மிஞ்சினால் படபடப்பும் கைநடுக்கமும் ஏற்படும். ஏற்கெனவே வெயிலிலும் ஓட்டத்திலும் வேகமாகத் துடிக்கும் இதயத்திற்கு அது மேலும் ஒரு சுமையாகும்.

படிப்பதற்கு விழிப்பு வேண்டுமெனில், உடலசைவு மட்டுமே போதுமா? இக்கேள்விக்கு இரண்டு ஆய்வுகள் விடை தருகின்றன. 2017இல் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போதிய உறக்கமில்லாத மாணவியரைப் பத்து நிமிடங்கள் படியேறி இறங்கச் செய்தனர். மற்றொரு நாளில் அவர்களுக்கு 50 மில்லிகிராம் காஃபின் கொடுத்தனர். காஃபினைவிடப் படியேறியதே அவர்களுக்கு உடனடிச் சுறுசுறுப்பைத் தந்தது. 2019இல் கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. இருபது நிமிட வேகநடை, ஒரு சிறிய குவளைக் காப்பிக்கு இணையாக நினைவுத்திறனை மேம்படுத்தியதாக அது கூறியது. காப்பியை நிறுத்தியவர்களுக்கு உண்டாகும் சோர்வையும் மனவாட்டத்தையும் அந்நடை குறைத்தது.

இரவில் அருந்தும் காஃபினுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உடலில் உள்ள காஃபினில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். 250 மில்லிலிட்டர் ஊக்கபானம் ஒன்றில் பெரும்பாலும் 80 மில்லிகிராம் காஃபின் இருக்கும். ஒரு மாணவர் இரவு எட்டு மணிக்கு இரண்டு டின் அருந்தினால், உடலில் சேர்வது 160 மில்லிகிராம். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கும் அதில் 80 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். அப்போதுதான் ஒரு டின் குடித்தவரைப் போல அவர் படுக்கையில் புரள்வார். இளையோர் ஒரு நாளில் உட்கொள்ளும் காஃபின், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டாதிருப்பது நல்லது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு கூறுகிறது. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு இது 150 மில்லிகிராம். இரண்டு டின்களிலேயே அந்த எல்லை கடந்துவிடுகிறது.

மூளையில் சேர்ந்த அடினோசினைக் குறைப்பது உறக்கமே. படித்தவை நினைவில் பதிவதும் உறக்கத்தின்போதுதான். தேர்வுக்காக விழித்திருந்து உறக்கத்தை இழக்கும் மாணவர், படித்ததன் ஒரு பங்கையும் இழக்கிறார். மறுநாள் வகுப்பில் சோர்ந்து, மீண்டும் ஊக்கபானத்தை நாடுகிறார். இப்படியே அது பழக்கமாகிவிடுகிறது.

இப்பழக்கத்தை முறிக்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. மாலையில் தோட்டத்துத் திடலில் விளையாடுவதும், புக்கிட் மெலாவத்தி ஏற்றத்தில் நடப்பதும், படிப்பிற்கு இடையே வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் உலவுவதும் உடலையும் மூளையையும் விழிக்கச் செய்யும். இரவில் நல்ல உறக்கத்திற்கும் துணை செய்யும். காப்பி குடிப்பவர் அதைக் காலையில், ஒரு குவளையோடு நிறுத்திக்கொள்ளலாம். இரவில் கண் இமைகள் கனத்தால், புத்தகத்தை மூடிவிட்டு உறங்குவதே அடுத்த நாள் பாடத்திற்குச் சிறந்த ஆயத்தம்.