ஈ.எஸ்.ஆர். ஏறினால் மூட்டுதான் காரணமா?

ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. ஜாக்கெட் கொக்கி மாட்ட விரல் மடங்கவில்லை. எழுந்து ஒரு மணி நேரம் போன பிறகுதான் கை சொன்னபடி கேட்கிறது. சரவாங்கி என்றும் முடக்கு வாதம் என்றும் சொல்கிறோமே, அந்த நோயாளிகளின் காலைப்பொழுது இது. ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் இதையெல்லாம் விட்டுவிட்டு, “ஈ.எஸ்.ஆர். 60 ஆயிடுச்சு டாக்டர்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

அந்த 60 எப்படி வருகிறது? ரத்தத்தை மெல்லிய குழாயில் ஒரு மணி நேரம் அசையாமல் நிறுத்துகிறார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும். சிவப்பணுக்கள் அடுக்கிய காசுகளைப்போல ஒட்டிக்கொண்டு வேகமாக அடியில் இறங்கும். மேலே எத்தனை மில்லிமீட்டர் தெளிகிறதோ, அதுதான் ஈ.எஸ்.ஆர்.

ரத்தசோகை இருந்தாலும் இது ஏறும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே ஹீமோகுளோபினைப் பார்க்காமல் பழியை மூட்டின் மேல் போடக்கூடாது. வயதானாலும், கர்ப்பத்திலும், சிறுநீர்த் தொற்றிலும்கூட ஏறும்.

ரத்தத்தில் பார்க்கும் இன்னொரு அளவு சி.ஆர்.பி. கல்லீரலில் சுரக்கும் இந்தப் புரதம் அழற்சி வந்த சில மணி நேரத்தில் ஏறி, அழற்சி தணிந்தால் சில நாளில் இறங்கிவிடும். இன்றைய நிலவரத்துக்கு அதையே நம்பலாம். ஒரு லேபில் 12, இன்னொன்றில் 1.2 என்று வந்தால் பதறாதீர்கள். லிட்டர் கணக்கும் டெசிலிட்டர் கணக்கும்தான் வித்தியாசம். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாக இருந்தும் மூட்டு வீங்கியிருப்பவர்கள் உண்டு. அவர்களை “ரிப்போர்ட் நார்மல்” என்று திருப்பி அனுப்புவது அநியாயம்.

சிகிச்சைக்கு வந்தால், வலி மாத்திரை வலியைத்தான் அடக்கும், எலும்பு அரிப்பதைத் தடுக்காது. ஸ்டீராய்டு ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைச் சட்டென்று இறக்கும். அந்த ஆசையில் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போடுபவர்களுக்கு எலும்பு மெலிகிறது, சர்க்கரை ஏறுகிறது. நீண்ட நாள் போட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. நோயின் போக்கை மாற்றுபவை மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள். அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். எண் இறங்கியதும் “சரியாப் போச்சு” என்று நிறுத்தினால் நோய் திரும்பும். புகைப்பழக்கத்தையும் விட்டாக வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன கிழமையை மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.